எடைபோடப்பட்ட இரும்பு: மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பழைய உலோகத்தின் மறுபயன்பாடு

பழைய உலோகத்தை மீண்டும் பயன்படுத்தும் வழக்கம் சுற்றுச்சூழல் விழிப்புணர்வால் அண்மையில் தோன்றியது என்ற எண்ணமே நம் பாடநூல்களிலும் பள்ளிக் கட்டுரைப் பயிற்சிகளிலும் பெரும்பாலும் காணப்படுகிறது. நீலம், செம்மஞ்சள், பழுப்பு ஆகிய நிறத் தொட்டிகளைப் பற்றி நம் மாணவர்கள் நன்றாகவே எழுதுகிறார்கள். உலோகத்தை எத்தொட்டியில் இடவேண்டும் என்பது அவர்களுக்குத் தெரியும். தொட்டியிலிருந்து அதனை யார் எடுக்கிறார்கள், எங்கே கொண்டு செல்கிறார்கள், இத்தொட்டிகள் வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இவ்வட்டாரத்தில் உலோகம் எவ்வாறு கைமாறிக்கொண்டிருந்தது என்பன அக்கட்டுரைகளில் இடம்பெறுவதில்லை. இது மாணவர் குறையன்று. வரலாற்றுத் துறையினராகிய நாமே இதனை எழுதி வைக்கவில்லை.

மலாயாவிலும் சிங்கப்பூரிலும் பழைய உலோகம் மறுபயன்பாட்டுக்கு வந்த சில கட்டங்களை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது. சுற்றுச்சூழலுக்கு அதனால் விளையும் நன்மை மெய்யானது, அளந்து கூறத்தக்கது. ஆயினும் அந்நன்மையைக் கணக்கிடும் முறையில் உலோகத்தின் எடை இருக்கிறதேயன்றி, அதனைச் சுமந்தவர் இல்லை. இந்த இடைவெளி எங்கிருந்து தொடங்குகிறது என்பதே இங்கு எழுப்பப்படும் வினாவாகும்.

இத்துறையில் இறங்கும் ஆய்வாளர் முதலில் எதிர்கொள்வது சான்றுப் பற்றாக்குறை. மட்பாண்டம் உடைந்தால் ஓடாக மண்ணில் கிடக்கும். அகழ்வாய்வாளர் கையில் ஒருநாள் சிக்கும். உலோகம் உலைக்குள் சென்றால் அதன் பழைய வடிவமும் அதிலிருந்த எழுத்தும் அடையாளமும் அறவே அழிந்துவிடுகின்றன. மறுசுழற்சி எவ்வளவு செம்மையாக நடைபெறுகிறதோ அவ்வளவு செம்மையாகச் சான்றும் மறைகிறது. உருகாமல் தப்பிய ஒரு பொருள் எவ்வளவு பேசக்கூடும் என்பதற்கு நியூசிலாந்தில் உள்ள தமிழ் மணி ஓர் எடுத்துக்காட்டு. 1836ஆம் ஆண்டளவில் வில்லியம் கொலென்சோ என்னும் சமயத் தொண்டர் அதனை மாவோரி மக்களிடம் கண்டபோது, அவர்கள் அவ்வுடைந்த வெண்கல மணியைக் கவிழ்த்து உருளைக்கிழங்கு வேகவைக்கும் பாத்திரமாகப் பயன்படுத்தி வந்தனர். அதன் விளிம்பில் உள்ள பழைய தமிழ் எழுத்துகள் அது முகைதீன் பக்சு என்பாருடைய கப்பலின் மணி எனத் தெரிவிக்கின்றன. அப்பாத்திரம் யாரேனும் ஒரு கன்னார் கையில் கிடைத்து உருக்கப்பட்டிருந்தால், தமிழ் முஸ்லிம் கடலோடிகளைப் பற்றிய ஓர் அரிய சான்று நமக்குக் கிடைத்திராது. மலாயாவின் பழைய உலோக வணிகத்தில் இத்தகைய மணிகள் எத்தனை உருகினவோ, எவரும் எண்ணிப் பார்த்ததில்லை.

வெள்ளீயம் சென்றதும் மீண்டதும்

நம்மவர் பேச்சில் வெறுமனே ஈயம் என்றே வழங்கிய வெள்ளீயத்திலிருந்து தொடங்குவது பொருத்தமாகும். 1887ஆம் ஆண்டு நிறுவப்பட்ட ஸ்ட்ரெய்ட்ஸ் டிரேடிங் நிறுவனம், சிங்கப்பூரின் புலாவ் பிரானித் தீவில் அமைத்த உருக்காலை 1890இல் இயங்கத் தொடங்கியது. பட்டர்வொர்த்திலும் பினாங்கிலும் பின்னர் உருக்காலைகள் எழுந்தன. பேராக், சிலாங்கூர் சுரங்கங்களின் தாது இவ்வாலைகளில் கட்டிகளாகி, பிரிட்டனுக்கும் அமெரிக்காவுக்கும் கப்பலேறியது. அங்கே மெல்லிய இரும்புத் தகட்டின்மீது பூச்சாகப் பூசப்பட்டு, டப்பாவாக உருமாறியது. டப்பாவின் மொத்த எடையில் வெள்ளீயம் மிகச் சிறு பங்கே. துருப்பிடிக்காமல் காப்பது மட்டுமே அதன் பணி.

அந்த டப்பாவே பால் டின்னாகவும் மண்ணெண்ணெய் டின்னாகவும் மலாயாவுக்குத் திரும்பி வந்தது. தோட்ட லயங்களில் காலியான மண்ணெண்ணெய் டின்னுக்கு இரண்டாம் வாழ்க்கை தொடங்கும். மேல்மூடியை வெட்டி, குறுக்கே ஒரு மரக்கட்டையை அறைந்தால் அது தண்ணீர் வாளி. விரித்துத் தட்டினால் கோழிக்கூண்டின் கூரை. பால் டின் எண்ணெய் விளக்காகவும் அரிசி அளக்கும் படியாகவும் ஆயிற்று. கோப்பிக்கடையில் கயிறு கட்டிக் கோப்பி வாங்கிச் செல்லும் பாத்திரமாகவும் பயன்பட்டது. இதனை எவரும் மறுசுழற்சி என அழைக்கவில்லை. வறுமையின் சிக்கனம் என்பதே பொருந்தும். மங்கிலும் வெட்டுக்கோட்டிலும் காய்ந்து உறைந்த பாலைக்கூட வீணாக்காமல் தனியே திரட்டி நிறுத்த மக்களுக்கு, டின்னைத் தூக்கி எறிவது இயல்பாக வந்திருக்காது.

இச்சுற்று உலக அளவில் அறுபட்டது 1942இல். மலாயாவும் இந்தோனேசியத் தீவுகளும் ஜப்பானியர் வசமான பின், வெள்ளீயம் கிடைக்காத அமெரிக்காவில் இல்லத்தரசிகள் காலி டப்பாக்களைக் கழுவி, இரு முனைகளையும் வெட்டி, மிதித்துத் தட்டையாக்கிச் சேகரிப்போரிடம் ஒப்படைக்கும் இயக்கத்தை அந்நாட்டரசு நடத்தியது. அவற்றிலிருந்து வெள்ளீயம் பிரித்தெடுக்கப்பட்டது. ஈப்போவின் சுரங்கம் கைநழுவியதால் அயல்நாட்டு அடுக்களையில் ஒரு பழக்கம் பிறந்தது என்பது சிந்திக்கத்தக்கது. சுற்றுச்சூழல் எண்ணம் அங்கும் இல்லை, தட்டுப்பாடே காரணம்.

பெயர்த்தெடுக்கப்பட்ட தண்டவாளங்கள்

தட்டுப்பாட்டின் மறுபக்கம் ஜப்பானியரிடமும் இருந்தது. இரும்புத் தாது குறைந்த அந்நாடு, போருக்கு முன் தன் எஃகு உற்பத்திக்கு அமெரிக்காவின் பழைய இரும்பையே பெரிதும் நம்பியிருந்தது. மலாயாவின் தாதுவும் அதற்குத் துணைநின்றது. ஜொகூரின் ஸ்ரீமேடான் சுரங்கமும் திரங்கானுவின் டுங்குன் சுரங்கமும் ஜப்பானிய நிறுவனங்களின் கையில் இருந்தன. 1940ஆம் ஆண்டு செப்டம்பரில் அமெரிக்க அதிபர் ரூஸ்வெல்ட் பழைய இரும்பு, எஃகு ஏற்றுமதிக்குத் தடை அறிவித்தார். அக்டோபரில் அத்தடை நடப்புக்கு வந்தது. பசிபிக் போருக்கு இட்டுச்சென்ற நிகழ்வுகளுள் இத்தடையையும் வரலாற்றாசிரியர் குறிப்பிடுவர். குப்பை என நாம் கருதும் பொருள் வல்லரசுகளுக்கிடையே ஓர் ஆயுதமாக விளங்கியது.

இப்பின்னணியில்தான் சயாம்-பர்மா இரயில்பாதையை நோக்கவேண்டும். தாய்லாந்தின் பான் போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் நீளமுடைய அப்பாதை, 1942இல் தொடங்கப்பட்டு 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. இதற்கென ஜப்பானில் புதிய எஃகு உருக்கித் தண்டவாளம் செய்யும் நிலை இருக்கவில்லை. கைப்பற்றிய நாடுகளில் ஏற்கனவே கிடந்த பாதைகள் பெயர்க்கப்பட்டன. மலாயாவில் கெமாசிலிருந்து தும்பாட் வரை 1931இல் நிறைவெய்திய கிழக்குக் கரைப் பாதையின் பெரும்பகுதி, பகாங், கிளந்தான் காடுகளினூடே சென்ற பகுதி, இவ்வாறு எடுத்துச் செல்லப்பட்டது. தம்பின்-மலாக்கா கிளைப்பாதையும் பெயர்க்கப்பட்டது. அது மீண்டும் போடப்படவே இல்லை. மலாக்கா நகருக்கு இன்றும் இரயில் இல்லாமைக்குக் காரணம் இதுவே. காஞ்சனபுரியில் குவாய் ஆற்றின்மேல் நிற்கும் புகழ்பெற்ற பாலத்தின் வளைந்த எஃகுச் சட்டங்கள் ஜாவாவிலிருந்து கொண்டுவரப்பட்டவை. மலாயா, தாய்லாந்து, பர்மா ஆகிய மூன்று நாடுகளிலும் பாதையின் அகலம் ஒரு மீட்டராகவே இருந்தமையால், வண்டிகளும் எஞ்சின்களும்கூட மாற்றமின்றி அங்கே ஓடமுடிந்தது.

மலாயாவின் இரயில்பாதைகளை இட்டுப் பேணிய உழைப்பாளருள் பெரும்பான்மையோர் தமிழகத்திலிருந்து வந்தவர்கள். தண்டவாளம் சயாமுக்குச் சென்றபோது, அதனை அங்கே இடுவதற்குத் தோட்டங்களிலிருந்து கொண்டுசெல்லப்பட்டவர்களும் பெரும்பாலும் தமிழர்களே. மலாயாவிலிருந்து சென்ற தொழிலாளர் 75,000க்கும் மேற்பட்டோர். அவர்களுள் இறந்தோர் எத்தனை பேர் என்பதில் ஆய்வாளரிடையே ஒருமித்த கருத்து இல்லை. பல்லாயிரக்கணக்கானோர் என்பதில் ஐயமும் இல்லை. காலராவும் மலேரியாவும் பட்டினியும் கொன்றவர்களுக்குப் பெயர்ப்பட்டியல் வைக்கப்படவில்லை. நேசநாட்டுப் போர்க்கைதிகள் ஏறத்தாழ 60,000 பேருள் 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களுக்குக் காஞ்சனபுரியிலும் தன்பியூசயாட்டிலும் பெயர் பொறித்த கல்லறைகள் உள்ளன.

போருக்குப் பின் நடந்தவை நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானவை. 1946ஆம் ஆண்டு, பாதையின் தாய்லாந்துப் பகுதி அந்நாட்டு அரசுக்கு 12,50,000 பவுனுக்கு விற்கப்பட்டது. பாதை அமைக்க எங்கெங்கிருந்து தண்டவாளமும் வண்டிகளும் எடுக்கப்பட்டனவோ அந்நாட்டு இரயில் நிருவாகங்களுக்கு ஈடுசெய்வதற்காகவே அவ்விற்பனை. அதாவது, பெயர்க்கப்பட்ட இரும்பு எவருடையது, எவ்வளவு, என்ன விலை என்பன கணக்கிடப்பட்டு, உரியவரிடம் அதன் மதிப்பு சேர்ப்பிக்கப்பட்டது. சான் பிரான்சிஸ்கோ அமைதி உடன்பாட்டின் வழியாகப் போர்க்கைதிகளுக்கும் ஒரு தொகை கிடைத்தது. தோட்டத்திலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளியின் குடும்பத்திற்கு அவ்வுடன்பாட்டில் இடமில்லை. போர்க்காலக் கொடுமைகளுக்கான ஈடு குறித்து 1967 செப்டம்பரில் மலேசியாவும் ஜப்பானும் ஓர் உடன்பாடு கண்டன. 25 மில்லியன் மலேசிய வெள்ளி பெறுமான அந்நன்கொடை, தனி மனிதருக்கான பணமாக வராமல், மலேசிய அனைத்துலகக் கப்பல் கழகத்திற்கு இரண்டு சரக்குக் கப்பல்களாக வந்து சேர்ந்தது. எஃகுப் பாதைக்கு மாண்டவர்களுக்கான ஈடும் எஃகாகவே வந்தது எனக் கூறலாம்.

பெயர்க்கப்பட்ட கிழக்குக் கரைப் பாதை 1950களில்தான் முழுமையாகச் சீரமைக்கப்பட்டது. சயாமில் நோங் பிளாடுக் முதல் நாம் தோக் வரை ஏறத்தாழ 130 கிலோமீட்டர் மட்டும் தாய்லாந்து அரசால் புதுப்பிக்கப்பட்டு, 1958க்குள் திறக்கப்பட்டது. அதில் இன்றும் இரயில் ஓடுகிறது. எஞ்சிய பாதை காட்டுக்குள் கைவிடப்பட்டது.

உடைந்த கப்பலும் பால்மரக் கரியும்

விடுதலைக்குப் பின் இரு நாடுகளும் தொழில்மயமாக்கலில் இறங்கியபோது எஃகுக்கு இரு வேறு வழிகளைத் தேர்ந்தெடுத்தன. இவ்விரண்டையும் ஒப்புநோக்கினால் பழைய இரும்பின் இடம் தெளிவாகும்.

சிங்கப்பூரில் தாதுவும் இல்லை, நிலக்கரியும் இல்லை. 1961இல் உருவாக்கப்பட்டு 1963இல் ஜூரோங்கில் உற்பத்தியைத் தொடங்கிய தேசிய இரும்பு, எஃகு ஆலை, அத்தொழிற்பேட்டையின் முதல் ஆலைகளுள் ஒன்றாகும். அதன் மூலப்பொருள் பழைய இரும்பு. உடைக்கப்பட்ட கப்பல்களின் தகடுகளும் அதற்கு இரையாயின. அவ்வாலையிலிருந்து வெளிவந்தது கட்டடக் கம்பி. 1960இல் தொடங்கப்பட்ட வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் தன் முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் 54,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. கம்பிக்கான தேவை எவ்வளவாக இருந்திருக்கும் என்பதை இதிலிருந்தே உய்த்துணரலாம். குவீன்ஸ்டவுனிலும் தோ பாயோவிலும் எழுந்த அடுக்குமாடிகளின் சுவர்களுக்குள் பழைய கப்பலும் பழைய எஞ்சினும் மறைந்து கிடக்கின்றன எனின் மிகையன்று.

மலேசியா வேறு வழியை நாடியது. பிறையில் ஜப்பானின் யவாத்தா நிறுவனத்தோடு கூட்டாக அமைந்த மலாயவாத்தா ஆலை 1967இல் ஓர் ஊதுலையை இயக்கத் தொடங்கியது. தாதுவிலிருந்து இரும்பைப் பிரிக்க ஊதுலைக்குக் கரி வேண்டும். அதற்குரிய உயர்தர நிலக்கரி இந்நாட்டில் இல்லாத நிலையில், அவ்வாலை பால்மரக் கரியைப் பயன்படுத்தியது. மறுநடவுக்காக வெட்டப்பட்ட முதிர்ந்த பால்மரங்கள் கரியாக்கப்பட்டு ஆலைக்கு வந்தன. உலக எஃகு வரலாற்றில் இதற்கு இணைகள் மிகச் சிலவே. இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் பால் தந்து ஓய்ந்த மரம் இரும்பாக்கும் நெருப்பாயிற்று. அம்மரத்தை நாள்தோறும் வெட்டிப் பாலெடுத்தவர்கள் அதே ஆண்டுகளில் எந்நிலையில் இருந்தனர் என்பதும் நினைவுகூரத்தக்கது. தோட்டத் துண்டாடலால் வீடிழந்தோர் பலர். 1969க்குப் பின் வேலைப் பெர்மிட் கெடுபிடியால் கப்பலேறித் தமிழகம் திரும்பியோரும் பல்லாயிரவர். நகர்ப்புறப் புறம்போக்குகளுக்குக் குடிபெயர்ந்தோருள் ஒரு சாரார் கைக்கு எட்டிய முதலில்லாத் தொழில்களில் இறங்கினர். பழைய இரும்பு சேகரித்தல் அவற்றுள் ஒன்று.

பின்னாளில் மலேசியாவிலும் பழைய இரும்பை உருக்கும் மின்வில் உலைகளே எஃகு உற்பத்தியில் முதன்மை பெற்றன. அவற்றுக்கு இரை தந்தவற்றுள் ஈயச் சுரங்கத் தொழிலின் எச்சங்களும் அடங்கும். 1985 அக்டோபர் 24ஆம் நாள் இலண்டன் உலோகச் சந்தையில் வெள்ளீய வணிகம் நிறுத்தப்பட்டு விலை சரிந்தபின், பேராக்கிலும் சிலாங்கூரிலும் தூர்வாரிக் கப்பல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்து, பல உடைத்து விற்கப்பட்டன. தஞ்சோங் துவாலாங்கில் 1938இல் கட்டப்பட்ட ஐந்தாம் எண் தூர்வாரி இன்று அருங்காட்சியகமாக நிற்கிறது. அதன் எடை 4,500 டன். ஒரு தலைமுறை உழைத்த இடம் எவ்வளவு பெரியது என்பதைப் பார்த்தறிய அந்த ஒன்று போதும். உருகிப்போனவற்றின் பரிமாணத்தை அதைக்கொண்டே நாம் கற்பனை செய்யவேண்டியுள்ளது.

சுற்றுச்சூழற் கணக்கு

பழைய இரும்பை உருக்குவதால் இயற்கைக்கு என்ன நன்மை என்பதை வேதியியல் வழியே விளக்குவது எளிது. மண்ணில் கிடைக்கும் இரும்புத் தாது, இரும்பும் ஆக்சிஜனும் சேர்ந்த பொருள். ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கக் கரிமம் வேண்டும். அக்கரிமம் ஆக்சிஜனோடு சேர்ந்து கரியமில வாயுவாக வெளியேறுகிறது. ஆகவே ஊதுலையில் வாயு வெளியேறுவதற்கு எரிபொருள் மட்டும் காரணமன்று. தாதுவை இரும்பாக்கும் வினையே அவ்வாயுவை ஈனுகிறது. பழைய இரும்பில் அவ்வினை எப்போதோ முடிந்துவிட்டது. அதனை உருக்கினால் மட்டும் போதும். உலக எஃகுச் சங்கத்தின் கணக்குப்படி, ஊதுலை வழியாக ஒரு டன் எஃகு செய்யும்போது ஏறத்தாழ 2.3 டன் கரியமில வாயு வெளியேறுகிறது. பழைய இரும்பை மின்வில் உலையில் உருக்கிச் செய்யும்போது ஏறத்தாழ 0.7 டன். ஒவ்வொரு டன் பழைய இரும்பும் 1.4 டன் தாதுவையும் 740 கிலோ நிலக்கரியையும் 120 கிலோ சுண்ணாம்புக் கல்லையும் மிச்சப்படுத்துகிறது. அலுமினியத்தில் ஆதாயம் இன்னும் மிகுதி. தாதுவிலிருந்து அலுமினியம் எடுக்கத் தேவைப்படும் ஆற்றலில் 95 விழுக்காடு வரை, பழைய அலுமினியத்தை உருக்கும்போது மிச்சமாகிறது. குளிர்பான டின்னுக்குப் பழைய இரும்புக் கடையில் நல்ல விலை கிடைப்பதன் இரகசியம் இதுவே.

தஞ்சோங் துவாலாங் தூர்வாரியின் எடை முழுவதும் இரும்பே எனக் கொண்டால், அதனை ஒத்த ஒரு கப்பலை உருக்கியபோது 6,300 டன் தாது தோண்டப்படாமல் தப்பியது. எந்தத் தூர்வாரி நிலத்தைக் குடைந்து குளமாக்கியதோ, அதன் உடலே வேறெங்கோ ஒரு நிலம் குடையப்படாமல் காத்தது.

இக்கணக்கைச் சயாம் பாதைக்குப் பொருத்திப் பார்ப்போம். ஒற்றைப் பாதைக்கு இரு தண்டவாளங்கள். மீட்டருக்கு 30 கிலோ எனக் கொண்டால், 415 கிலோமீட்டருக்கு ஏறத்தாழ 25,000 டன் எஃகு. உருக்காமலேயே நேரடியாக மறுபயன்பாடு செய்யப்பட்டதால், இன்றைய அளவுகோலின்படி 57,000 டன்னுக்கும் மேற்பட்ட கரியமில வாயு தவிர்க்கப்பட்டது. எடையை மட்டும் கொண்டு கணக்கிட்டால் சயாம் மரண இரயில்பாதை ஒரு சிறந்த மறுபயன்பாட்டுத் திட்டம் என்றே விடை வரும். கூட்டலில் பிழையில்லை. அந்தக் கணக்கில் மனிதருக்கென ஒரு பத்தியே இல்லை என்பதுதான் குறை. இதனைப் பொருந்தா ஒப்பீடு எனச் சிலர் கருதக்கூடும். ஆயினும் இன்றைய மறுசுழற்சி அறிக்கைகள் எத்தனை டன் எனக் கூறி நின்றுவிடும்போது, அவையும் அதே பத்திகளைக் கொண்ட கணக்கேட்டையே நிரப்புகின்றன.

மறுசுழற்சித் தொழிலே மனிதருக்குத் தீங்காகும் இடங்கள் உண்டு. பழைய கார் பேட்டரியை உடைத்துக் காரீயம் எடுக்கும்போது அதன் தூள் காற்றிலும் குழந்தைகளின் இரத்தத்திலும் கலக்கிறது. செம்புக் கம்பிக்காக மின்வடத்தின் பிளாஸ்டிக் உறையை எரிக்கும்போது எழும் புகையில் டயாக்சின் நஞ்சு உள்ளது. 2000ஆம் ஆண்டின் தொடக்கத்தில் தாய்லாந்தின் சமுத் பிராக்கானில், மருத்துவக் கதிர்வீச்சுக் கருவியின் ஒரு பகுதி பழைய இரும்பென எண்ணிப் பிரிக்கப்பட்டது. உள்ளிருந்த கோபால்ட்-60 கதிர்வீச்சால் பத்துப் பேர் கடுமையாகப் பாதிக்கப்பட்டு, மூவர் மாண்டனர். சேகரித்தவர்க்கோ கடையில் வேலைசெய்தவர்க்கோ அப்பெட்டிக்குள் என்ன இருந்தது எனத் தெரியாது. 2018இலும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் சீனா தன் கழிவு இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபின், மேலை நாடுகளின் மின்னணுக் கழிவும் கலப்பு உலோகக் கழிவும் மலேசியக் கரைகளுக்குத் திரும்பின. மின்னணுக் கழிவு எல்லை கடப்பதற்குப் பெறும் நாட்டின் முன்னிசைவைக் கட்டாயமாக்கும் பாசல் உடன்படிக்கைத் திருத்தம் 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்துள்ளது.

எஃகுத் துறையிலும் காற்று மாறி வீசுகிறது. நெடுங்காலம் மின்வில் உலையை நம்பியிருந்த மலேசியாவில், 2018 அளவில் குவாந்தானில் பெரிய ஊதுலை ஆலை ஒன்று இயங்கத் தொடங்கியது. விலை மலிவு என்பது அதன் வலிமை. ஒரு டன்னுக்கான வாயு வெளியேற்றம் மும்மடங்கு என்பது அந்த விலையில் சேர்க்கப்படவில்லை. பழைய இரும்பின் வழியை முன்பே கண்டுகொண்ட ஒரு வட்டாரம் தாதுவுக்கும் நிலக்கரிக்கும் திரும்புவது சுற்றுச்சூழல் நோக்கில் பின்னடைவே என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சிங்கப்பூரோ குப்பையை எரித்த சாம்பலிலிருந்தும் உலோகத்தைப் பிரித்தெடுக்கிறது. 2015 முதல் துவாசில் அதற்கெனத் தனி ஆலை இயங்கி வருகிறது. 1999இல் திறக்கப்பட்ட செமக்காவ் குப்பைத் தீவு 2035 அளவில் நிரம்பிவிடும் என்ற மதிப்பீடே அதற்குக் காரணம்.

பேரேட்டில் உள்ளவர்

இத்தொழிலுக்குச் சிங்கப்பூரில் வழங்கும் பெயர் காராங் குனி. கோணிச் சாக்கு என்பது அம்மலாய்ச் சொற்றொடரின் பொருள். குனி என்பது இந்திய மொழிகளிலிருந்து மலாய்க்குச் சென்ற சொல். நம் கோணிக்கு உறவு. தமிழகத்தில் பழைய இரும்புக் கடையைக் காயலான் கடை என்பர். காயற்பட்டினத்து வணிகரோடு அப்பெயரைத் தொடர்புபடுத்திக் கூறுவதுண்டு. தொழில் மறைந்தாலும் பெயர் தங்கிவிடுகிறது. சிராங்கூன் சாலைக்கு அருகே சுங்கை ரோட்டில் பல்லாண்டு நடந்த பழம்பொருள் சந்தை 2017 ஜூலை 10ஆம் நாளோடு மூடப்பட்டது. மலேசியாவிலோ பழைய இரும்பு வணிகம் இன்றும் இந்தியர் கணிசமாக ஈடுபட்டிருக்கும் துறை. அரசாங்க வேலையோ தோட்டத் தொழிற்சங்கமோ பெற்ற ஆய்வுக் கவனத்தில் ஒரு சிறு பங்கும் இத்துறைக்குக் கிட்டியதில்லை. நம் பல்கலைக்கழகங்களில் தோட்டப்புற வாழ்வு குறித்து எழுந்த ஆய்வேடுகள் ஓர் அலமாரியை நிரப்பும். தோட்டத்தைவிட்டு வெளியேறி லாரி ஒன்றை வாங்கியவரைப் பற்றிய ஆய்வேட்டைத் தேடித்தான் பார்க்கவேண்டும்.

சட்டம் அவரை எவ்வாறு நோக்கியது என்பதும் ஆராயத்தக்கது. மலேசியாவில் பழைய இரும்பு வணிகத்துக்கு உரிமம் வழங்குவது 1946ஆம் ஆண்டின் பழம்பொருள் வணிகர் சட்டம். உரிமம் தருவது காவல்துறை. திருட்டுப் பொருள் கைமாறும் இடமாகவே அக்கடையைச் சட்டம் முதலில் கண்டது. சுற்றுச்சூழல் தரச் சட்டம் 1974இலும், திடக்கழிவு, பொதுத் தூய்மை மேலாண்மைச் சட்டம் 2007இலும் வந்தன. இயற்கைக்கு நன்மை செய்பவர் என்ற அடையாளம் அவருக்குக் கிடைப்பதற்கு நெடுங்காலம் முன்பே ஐயத்திற்குரியவர் என்ற அடையாளம் பதிவாகிவிட்டது. வடமும் சாக்கடை மூடியும் களவுபோகும்போதெல்லாம் அப்பழைய ஐயம் மீண்டும் தலைதூக்குகிறது. களவு நடப்பது உண்மை. அதற்காக ஒரு தொழிலின் வரலாறு முழுவதையும் காவல்துறைக் கோப்பாகவே வாசிப்பது முறையாகாது.

இருப்பினும் அந்தச் சட்டமே ஆய்வாளருக்கு ஒரு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. வாங்கும் பொருளையும் விற்றவரைப் பற்றிய விவரத்தையும் பேரேட்டில் பதிவுசெய்யும் கடமை அவ்வணிகர்களுக்கு உண்டு. சுமந்தவரின் பெயரும் அவர் கொண்டுவந்த உலோகமும் ஒரே வரியில் எழுதப்படும் ஏடு வேறெங்கும் இல்லை. கடை கைமாறும்போதும் இடம் பெயரும்போதும் இத்தகைய பேரேடுகள் பழைய தாளோடு தாளாகக் கிலோக் கணக்கில் விற்கப்பட்டுக் கூழாகிவிடக் கூடும். 1970களில் இளைஞராக இத்தொழிலில் இறங்கியவர்கள் எழுபது வயதைக் கடந்துவிட்டார்கள். நம் துறை மாணவர் எவரேனும் ஓர் ஒலிப்பதிவுக் கருவியுடன் அவர்களிடம் செல்வதாயின், முதலில் கேட்கவேண்டியது, பழைய கணக்குப் புத்தகம் ஏதேனும் இருக்கிறதா என்பதுதான்.